மாத்திரை நோட்டில் என் கையெழுத்து

என் செல்ல மகளுக்கு,

நாங்கள் இருவரும் இங்கே நலம், அதாவது உன் அப்பாவின் வலது முழங்காலையும் என் இடது கண்ணையும் கணக்கில் சேர்க்காமல் விட்டால். நீயும் மாப்பிள்ளையும் என் வாலுப் பேத்தியும் உடம்பும் மனசும் தெம்பாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதானே முக்கால் மணி நேரம் போனில் பேசினோம், நாலு நாளுக்குள் என்ன கடிதம், அம்மாவுக்கு என்ன வந்தது என்று கவரைப் பார்த்ததும் பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். நீ போன் செய்தால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் பத்து வார்த்தை சேர்க்கிறார், அந்தக் கூத்தில் நான் எதைச் சொல்வது. தவிர, முப்பது வருஷம் ஆபீஸில் எழுதி எழுதியே பழகிய கை இது, வாயால் சொன்னால் மென்று விழுங்கிவிடுவேன், எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும்.

முதலில் வீட்டு விஷயம். என் கண்ணில் புரை முற்றிவிட்டது, அடுத்த மாதம் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார், பதறாதே, காலையில் போய் மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடலாமாம். ஆஸ்பத்திரி லிஃப்டில் உன் அப்பா பண்ணிய காரியத்தைக் கேள். ஆள் ஏற ஏற, அவர் பாட்டுக்கு, உள்ள தள்ளி நில்லுங்க, பின்னாடி நெறைய இடம் இருக்கு, படியில நிக்காதீங்க என்று ஆரம்பித்துவிட்டார், பஸ்ஸை விட்டு இறங்கிப் பதினொரு வருஷம் ஆகியும் கண்டக்டர் வேலை அவரை விட்டு இறங்கவில்லை. எனக்கு மானம் போய்விட்டது, ஆனால் எல்லாரும் மறுபேச்சில்லாமல் தள்ளித்தான் நின்றார்கள். உன் அறை ஜன்னலுக்குப் புதுசாகப் பச்சை வர்ணம் அடித்தோம், அடித்தபிறகு பார்த்தால் அது பச்சையும் இல்லை நீலமும் இல்லை, உன் அப்பா தேர்ந்தெடுத்தது, வேறென்ன சொல்ல. எதிர்வீட்டு டெய்லர் கடையை மூடிவிட்டு மகனோடு போய்விட்டார், அந்த மிஷின் சத்தம் இல்லாமல் மத்தியானத்தில் எனக்குத் தூக்கம் வரவே மாட்டேன் என்கிறது. உன் பழைய புத்தகங்களையெல்லாம் வெயிலில் போட்டு எடுத்தேன், அஞ்சாம் வகுப்பு ஓவிய நோட்டு ஒன்று கிடைத்தது, அதில் நான் வேலை பார்த்த நம் பள்ளிக்கூட ஆபீஸை வரைந்து வைத்திருக்கிறாய், மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பூதம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது, கீழே மேடம் என்று எழுதியிருக்கிறாய். அந்த பூதம் நான்தான் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வாலுவின் புதுப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த படிவத்தை நீ போனில் வாசித்துக் காட்டினாய். பெற்றோரும் டாக்டரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அவள் தன் மதிய மாத்திரையைத் தானே பையில் வைத்திருந்து தானே போட்டுக்கொள்ளலாம், இல்லையென்றால் அங்கே நர்ஸ் அறையில் ஒப்படைத்துவிட வேண்டும், இந்த மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள் என்று. நீ கையெழுத்துப் போட மாட்டேன் என்றாய். பத்து வயசு, தண்ணி பாட்டிலை பஸ்ல விட்டுட்டு வர்றா, ஒரு சாக்ஸ் ஒரு நிறம் இன்னொண்ணு ஒரு நிறம், இவளை நம்பி வலிப்பு மாத்திரையைக் குடுக்கறதா என்று கேட்டாய். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் சரிதான் என்று விட்டிருப்பேன். பிறகு சிரித்துக்கொண்டே, என்னைத் தெரியாதாம்மா உனக்கு, பத்து வயசுல மாத்திரைய மறந்துட்டு விளையாடப் போயி தாடையைக் கிழிச்சுக்கிட்டவ நான், இவ எனக்கு மேல என்று சொன்னாய். உன் அப்பாவும் சேர்ந்து சிரித்தார். நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன், உங்கம்மாவுக்கு சீரியல் நேரம் என்று அவர் உன்னிடம் சொன்னது காதில் விழுந்தது. சீரியலும் இல்லை ஒன்றும் இல்லை. சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.

பேத்தியும் ஒரு வார்த்தை சொன்னாள், நீ கவனித்தாயோ இல்லையோ. நர்ஸ் ரூமுக்குப் போனா எல்லாரும் என்ன ஆச்சு என்ன ஆச்சுன்னு கேக்கறாங்க பாட்டி, நானே சாப்பாட்டோட சேர்த்துப் போட்டுக்கிட்டா யாருக்கும் தெரியாது, நான் மறக்க மாட்டேன் பாட்டி, நீயாவது சொல்லேன் என்றாள். நீயாவது சொல்லேன் என்று அவள் கேட்டது நாலு நாளாக என் காதிலேயே நிற்கிறது.

நம் பள்ளிக்கூட ஆபீஸ் உனக்கு நினைவிருக்கும், நீயே வரைந்திருக்கிறாயே. வராந்தாவின் கோடியில் அரைக்கதவு போட்ட அறை, கதவின் மேல் பலகை, அந்தப் பலகைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் தலைகள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தலைகூடத் தெரியாது, பலகைமேல் பத்து விரல் மட்டும் தெரியும். பின்னால் இரும்பு பீரோ, அதில் மேல்தட்டு மருந்துக்கு. மத்தியான மணி அடித்தால் போதும், என் மருந்துப் பட்டாளம் வந்து நிற்கும். காதில் சீழ் வடிகிற ஒரு பையன், சொட்டு விட்டால் தலையைச் சாய்த்தபடியே நடந்து போய்த் தூணில் இடித்துக்கொள்வான். இருமல் டானிக் குடிக்கிற இரட்டைப் பெண்கள், ஒருத்தி இரண்டு தடவை குடித்துவிட்டு இன்னொருத்தி பெயரைச் சொல்வாள், நான் கண்டுபிடித்துவிட்டால், மேடம், நீங்க மட்டும் எப்படிக் கண்டுபிடிக்கறீங்க என்று வாயைப் பிளப்பார்கள், ஒருத்திக்கு முன்பல் விழுந்திருந்தது, அதுகூடத் தெரியாதா எனக்கு. கடைசியில் நீ. மற்ற பிள்ளைகள் முன்னால் என்னை அம்மா என்று கூப்பிடக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன், நீ அதைத் தப்பாமல் காப்பாற்றினாய். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, மேடம், மாத்திரை என்பாய், உள்ளங்கையில் வைப்பேன், தண்ணீரோடு விழுங்குவாய், எல்லாரையும் போல நாக்கை நீட்டிக் காட்டுவாய், போகும்போது யாருக்கும் தெரியாமல் ஒரு கண்ணைச் சிமிட்டுவாய். உனக்கு ஒரு கண்ணை மட்டும் மூட வராது, இரண்டும் சேர்ந்து மூடிக்கொள்ளும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பேன் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். இப்போதும் மத்தியானம் பன்னிரண்டரை ஆனால் என் தலை தானாக வாசல் பக்கம் திரும்புகிறது.

மருந்து எதுவும் பிள்ளைகள் கையில் இருக்கக் கூடாது என்று தலைமையாசிரியை கண்டிப்பாக இருந்தார், காரணமும் இருந்தது. நீ சேருவதற்கு முந்தின வருஷம் ஒரு பெண் இனிப்பாக இருக்கிறதே என்று தன் டானிக்கை ஒரு பெஞ்சு முழுக்கப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டாள், மூன்றாம் பீரியடில் அத்தனையும் தூக்கம், சயின்ஸ் டீச்சர் மட்டும் இன்னிக்குத்தான் கிளாஸ் அமைதியா இருந்துச்சு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அன்றோடு மருந்தெல்லாம் என் பீரோவுக்கு வந்தது, சாவி என் இடுப்புக்கு வந்தது, ஒரு நீள நோட்டும் வந்தது. தேதி, பெயர், வகுப்பு, மருந்து, நேரம், கொடுத்தவர் கையெழுத்து என்று சிவப்புப் பென்சிலால் நானே கட்டம் போட்டேன். உன்னைச் சேர்க்கும்போது தலைமையாசிரியை முதலில் தயங்கினார், வலிப்பு இருக்கிற பிள்ளையை எப்படிச் சேர்க்கிறது, ஏதாவது ஆனா யார் பொறுப்பு என்றார், பிறகு, சரி, நீங்கதான் ஆபீஸ்ல இருக்கீங்களே, உங்களை நம்பிச் சேத்துக்கறேன் என்றார். இரண்டு பள்ளிக்கூடத்தில் உன்னை வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள், அதனால் அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவர் காலில் விழாத குறை. என் வேலையும் அப்போது தற்காலிகம்தான், நிரந்தர ஆர்டர் இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று காத்திருந்த நாள்.

அந்த நோட்டை நான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன். சோதனைக்கு வந்த ஒரு அதிகாரி மற்ற எல்லா நோட்டிலும் குறை சொல்லிவிட்டு இதைப் புரட்டி, இந்த ஸ்கூல்ல உருப்படியா இருக்கறது இந்த ஒரு நோட்டுதான் என்றாராம், தலைமையாசிரியை அதை ஸ்டாஃப் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் சொன்னார். அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா, ஒரு அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது என்று எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. மத்தியானம் கூட்டத்தில் எழுதினால் கை வியர்த்து மை கலைகிறது, போன் அடிக்கிறது, எவனாவது பலகையை ஆட்டுகிறான். அதனால் காலையில் முதல் மணிக்கு முன்னாலேயே, நிம்மதியாக டீயைக் குடித்துக்கொண்டே, அன்றைய வரிகளை எழுதி வைத்துவிடுவேன். முதலில் தேதியும் பெயரும் மட்டும். பிறகு மருந்தும் நேரமும். எப்போது ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது, கையெழுத்தையும் காலையிலேயே போட ஆரம்பித்துவிட்டேன். கொடுக்கப்போவது நான்தானே, என்றைக்காவது கொடுக்காமல் இருந்திருக்கிறேனா, இதில் என்ன வந்துவிடப்போகிறது என்ற நினைப்பு. பக்கத்தைப் பார்த்தால் அச்சடித்த மாதிரி இருக்கும்.

நீ தாடையைக் கிழித்துக்கொண்ட நாளைப் பற்றி உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மதியம் விளையாட்டு மும்முரத்தில் மாத்திரைக்கு வர மறந்துவிட்டாய், கடைசி பீரியடில் தண்ணீர்க் குழாயடிப் படியில் வலிப்பு வந்து விழுந்தாய், மூன்று தையல். இதைத்தான் நான் உனக்குச் சொன்னேன், இதைத்தான் நீ முப்பது வருஷமாக எல்லாரிடமும் சிரித்துக்கொண்டே சொல்கிறாய். இப்போது நடந்ததைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

அன்றைக்குப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளின் பட்டியலில் பிழை என்று கல்வி அலுவலகத்திலிருந்து உடனே வரச் சொன்னார்கள். பதினோரு மணிக்குக் கிளம்பினேன். ஓவிய டீச்சருக்கு அன்று மத்தியானம் வகுப்பு இல்லை, அவரை என் நாற்காலியில் உட்காரவைத்து, சாவியைக் கையில் கொடுத்து, மருந்துக்குப் பிள்ளைங்க வரும் டீச்சர், நோட்டைப் பாத்துக் குடுங்க, எல்லாம் நோட்டுல இருக்கு என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடினேன். நோட்டில் எல்லாம் இருந்தது, ஆமாம். காலையிலேயே போட்ட என் கையெழுத்தும் வரிசையாக இருந்தது. அது எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை, சத்தியமாகத் தோன்றவில்லை. அவர் நோட்டைத் திறந்தார், எல்லாருக்கும் நேராகக் கையெழுத்து இருந்தது, ஓகோ, கிளம்பறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் குடுத்துட்டுத்தான் போயிருக்காங்க என்று நினைத்துக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா, யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள். மறுபடி கொடுத்து ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் என்று பயந்து வந்த பிள்ளைகளையெல்லாம் திருப்பி அனுப்பினார். இரட்டைப் பெண்கள் விளையாட நேரம் கிடைத்தது என்று ஓடியே போய்விட்டார்கள். காதுப் பையன் தலை நேராகவே திரும்பிப் போனான்.

நீ வந்தாய். பன்னிரண்டரைக்கு, தண்ணீர் பாட்டிலோடு, எப்போதும் போல வரிசையில் கடைசியாக. நீ மறக்கவில்லை, கண்ணே. டீச்சர், மாத்திரை என்று கேட்டாய். அவர் நோட்டைக் காட்டி, நீ சாப்பிட்டாச்சும்மா, ரெண்டு தடவை சாப்பிடக் கூடாது என்றார். இல்ல டீச்சர், நான் இன்னும் சாப்பிடல என்றாய். அவர் சிரித்து, போய் விளையாடு போ என்றார், நீ போய்விட்டாய். பிறகு மத்தியான இடைவேளை முடிகிற நேரத்தில் ஓடி வந்து மறுபடி பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நிஜமா சாப்பிடல டீச்சர், நாக்கை வேணா பாருங்க என்று நாக்கை நீட்டினாயாம். அவருக்கும் குழப்பம், ஆனால் நோட்டைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், உங்கம்மாவே கையெழுத்துப் போட்டிருக்காங்களே, அம்மா பொய் எழுதுவாங்களா என்று கேட்டார். அந்தப் பொண்ணு நோட்டையே பாத்துக்கிட்டு நின்னுச்சு, அப்புறம் மெதுவாப் போயிடுச்சு என்று அன்று சாயங்காலம், உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வண்டி வருவதற்குள், ஓவிய டீச்சர் என்னிடம் மட்டும் சொன்னார். அவர் சொன்னது அவ்வளவுதான், எனக்குத்தான் இத்தனை வருஷமும் நீ நோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரியே இருக்கிறது. ஆமாம் டீச்சர், அம்மா பொய்யாத்தான் எழுதியிருக்காங்க என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்க உனக்கு மனசு வரவில்லை.

நான் திரும்பி வந்தபோது மணி நாலு. ஆபீஸில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு உன்னைப் படுக்கவைத்திருந்தார்கள், தாடையில் யாருடையதோ கைக்குட்டை, சட்டையெல்லாம் ரத்தம், கண் திறந்திருக்கிறது, என்னைத் தெரியவில்லை. வாசலில் வண்டி வந்து நின்றது, உன்னைத் தூக்கப் போனேன், அப்போது தலைமையாசிரியை நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மாத்திரை குடுத்தீங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க என்று கேட்டார். கொடுத்தேன் என்றால் டாக்டர் அளவு போதவில்லை என்று மருந்தைக் கூட்டிவிடுவார். கொடுக்கவில்லை என்றால் இந்தக் கையெழுத்து என்ன என்று தலைமையாசிரியை கேட்பார், அதோடு என் வேலையும் போயிற்று, என்னை நம்பிச் சேர்த்த உன் படிப்பும் போயிற்று. இவ்வளவையும் அந்த இரண்டு நொடியில் யோசித்துவிட்டேன் பார், பெற்ற பிள்ளை பெஞ்சில் கிடக்கும்போது. காலையில மாத்திரையை எடுத்துவெச்சுட்டுக் கையெழுத்துப் போட்டேன் மேடம், அவ வரவே இல்லையாம், விளையாட்டுல மறந்துட்டா என்று சொன்னேன். சொல்லிவிட்டு ஓவிய டீச்சரைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். தலைமையாசிரியை பெருமூச்சு விட்டு, பத்து வயசுப் பிள்ளைங்க அப்படித்தான், அதுக்குத்தானே மருந்தை நம்ம கையில வெச்சிருக்கோம் என்றார்.

ஓவிய டீச்சர் அதற்குப் பிறகு ஒருநாளும் என்னோடு உட்கார்ந்து மத்தியானம் சாப்பிடவில்லை. உனக்கு அந்த வருஷம் இருபத்துநாலு நிற கிரேயான் பெட்டி ஒன்று கொடுத்தாரே, போட்டியில் ஜெயித்ததற்கு என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய், அந்த வருஷம் போட்டியே நடக்கவில்லை. என் வேலை நிரந்தரமானது, உனக்குப் படிப்பு கிடைத்தது. மறுநாளிலிருந்து நாக்கைப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன், அதில் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் பிறகு வந்த வருஷங்களில் எத்தனை தாய் தகப்பன் அந்தப் பலகை முன்னால் வந்து நின்றார்கள். மூச்சிரைப்பு இருக்கிற ஒரு பெண்ணின் அப்பா, ஊதுற மருந்து அவ பாக்கெட்லயே இருக்கட்டும் மேடம், மூச்சு முட்டறப்ப மாடியிலேருந்து இங்க ஓடி வர முடியுமா என்று கெஞ்சினார். தலைமையாசிரியை என்னைக் காட்டி, இவங்க சொந்தப் பொண்ணே மறந்துட்டு மண்டையை உடைச்சுக்கிச்சு, பிள்ளைங்களை நம்ப முடியாதுங்க என்றார். நான் தலையை ஆட்டினேன். ஒருவரா இருவரா, எத்தனை பேரிடம் உன் பெயரைச் சொல்லி அந்த அரைக்கதவைச் சாத்தியிருக்கிறோம். அந்தப் பெண்ணுக்கு விபரீதம் எதுவும் நடக்கவில்லை, அது என் நல்ல காலம்.

இதில் எதையும்விட எனக்குப் பெரிசு அடுத்த நாள் காலை. விழுந்த அதிர்ச்சியில் முந்தின மத்தியானம் முழுக்க உனக்கு மறந்தே போயிருந்தது, டாக்டரும் அப்படித்தான் இருக்கும் என்றார். கண் விழித்து, என்னம்மா ஆச்சு எனக்கு என்று கேட்டாய். நான் உன் தலையைத் தடவிக்கொண்டு, மதியம் நீ மாத்திரைக்கு வர மறந்துட்டம்மா, அதான் என்றேன். நீ கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்து யோசித்தாய், நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாய், வரவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, ஸாரிம்மா, என்னால உனக்குத் திட்டு விழுந்துச்சா என்று கேட்டாய். இல்லடா என்றேன். இனிமே மறக்கவே மாட்டேன்மா என்றாய். அன்றிலிருந்து தினமும் காலையில் இடது உள்ளங்கையில் பேனாவால் மாத்திரை என்று எழுதிக்கொண்டு போக ஆரம்பித்தாய். பதினைந்து வயசில் டாக்டர் மாத்திரையை நிறுத்தும்வரை ஒருநாள் தவறவில்லை. மத்தியானம் நீ கையை நீட்டினால் அந்த எழுத்தின் மேல்தான் நான் மாத்திரையை வைக்க வேண்டும். அஞ்சு வருஷம் வைத்தேன். இன்றைக்கும் நீ இரண்டு அலாரம் வைக்கிறாய், ஃபிரிட்ஜ் கதவு முழுக்கச் சீட்டு ஒட்டுகிறாய், ஆபீஸில் எல்லாரும் உன்னைப் போலப் பொறுப்பு யாருக்கு வரும் என்று சொன்னால், ஐயோ நான் சரியான மறதிக்காரி, அதான் இவ்வளவும் என்கிறாய். நீ மறதிக்காரி இல்லை. உன்னை நான் அப்படி ஆக்கி வைத்தேன்.

அதனால் இப்போது சொல்கிறேன், கையெழுத்துப் போடு. அவள் மறக்கவே மாட்டாள் என்று நான் சொல்லவில்லை, ஒருநாள் மறப்பாள், பிள்ளைதானே, அன்றைக்கு மறந்ததற்கு என்ன செய்வது என்று அவளோடு உட்கார்ந்து பேசிக்கொள். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். அன்றன்றைக்கு ஒரு மாத்திரை மட்டும் சின்ன டப்பாவில் கொடுத்து அனுப்பு, அவசரத்துக்கு நர்ஸிடம் இரண்டு மூன்று இருக்கட்டும், வகுப்பு டீச்சருக்குத் தெரிந்திருக்கட்டும், யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று அவளுக்குக் கண்டிப்பாகச் சொல்லி வை. சாயங்காலம் டப்பாவைத் திறந்து காட்டச் சொல். அவள் சாப்பிடவில்லை என்று சொன்னால் முதலில் அவள் சொல்வதைக் கேள், எந்தத் தாளில் யார் என்ன எழுதியிருந்தாலும் சரி. தன் உடம்புக்குள் என்ன போயிற்று என்ன போகவில்லை என்று பத்து வயசுப் பிள்ளைக்குத் தெரியும். உனக்குத் தெரிந்திருந்தது. நீ இரண்டு தடவை வந்து சொன்னாய்.

உன் அப்பாவுக்கும் இது தெரியாது. இதைக் கூரியரில் போட்டுவிட்டு வந்து அவரிடம் சொல்லப்போகிறேன், முழங்காலைத் தடவிக்கொண்டே என்ன சொல்வாரோ, எதைச் சொன்னாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். உனக்கு என்மேல் கோபம் வரும், வரட்டும், திட்டுவதென்றால் நன்றாகத் திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே, அது எனக்குத் தாங்காது. அன்றைக்கு நீ கேட்ட மன்னிப்பை நான் ஒரு கூச்சமும் இல்லாமல் வாங்கிக்கொண்டேன் அம்மா. கேட்டிருக்க வேண்டியது நான். இப்போது கேட்கிறேன், முப்பது வருஷம் தாமதம்தான்.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், நூறு வயசு வரைக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும், அதைத்தான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மாதம் முடிய இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது, படிவத்தை மேஜைமேல் போட்டுவிட்டு இருந்துவிடாதே. தாடைத் தழும்பைப் பற்றி வாலு கேட்டால் பழைய கதையைச் சொல்லாதே. நான் கேட்டேன், ரெண்டு தடவை கேட்டேன், குடுக்கல என்று அவளிடம் சொல்.

என்றும் உன்
அம்மா